இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை

இரவு டியூட்டி முடிந்து வந்து, பக்கத்து வீட்டில் தூங்கிய மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, எட்டேமுக்காலுக்குப் படுத்தவள் பகல் ஒரு மணிக்குக் கண் விழித்தபோது, அவளுடைய முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை இருந்தது.

கட்டிலில் தலையணை இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அவள் ஒரே ஒரு தலையணையோடு படுப்பவள். அதுவும் குப்புற, இரண்டு கைகளையும் அதன் அடியில் செருகிக்கொண்டு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இப்போது அவள் இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். கணவருடைய பெரிய தலையணை முதுகுக்கு அண்டக் கொடுத்திருந்தது. மகளுடைய சின்னத் தலையணை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இருந்தது. கெண்டைக்காலுக்குக் கீழே நாலாக மடித்த ஒரு துண்டு. அதனால் குதிகால் மெத்தையில் படாமல், ஒரு விரல் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. அடியில் விரிப்பு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்து விடப்பட்டிருந்தது. தூக்கத்தில் புரண்டவளின் விரிப்பு அப்படி இருக்காது.

தடித்த நீலத் திரையின் ஓரத்தில் வெயில் கோடு போட்டிருந்தது. கீழே எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், தெருவில் ஒரு வண்டி பின்னால் எடுக்கும்போது பீப் பீப் என்று கத்தியது. எல்லாம் வழக்கமான பகல் சத்தங்கள். அவள் அசையாமல் கிடந்து அந்த வேலையைப் பார்த்தாள். ஒன்பது வருடமாக செவிலியராக இருப்பவளுக்கு அது வீட்டு ஆள் செய்த வேலை இல்லை, வார்டு வேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது. தானாக அசைய முடியாத நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் முறை. அதுவும் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியிருப்பதுபோல, ஒரு குறை சொல்ல முடியாமல்.

எழுந்து போய் வாசலைப் பார்த்தாள். மூன்றாவது மாடி வீடு. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

கணவர் சரக்கு லாரி ஓட்டுபவர். நெடுந்தூரம் போனால் திரும்ப ஒரு வாரம் ஆகும். அவருக்கு போன் போட்டாள்.

"காலைல வந்துட்டு போனீங்களா?"

"நான் எங்கேயோ நடுரோட்டுல இருக்கேன். ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தலையணையெல்லாம் இடம் மாறிக் கெடக்கு. தூக்கத்துல எழுந்து நடக்கறேனோ என்னவோ."

"நீயா?" அவர் சிரித்தார். "உன்ன உருட்டிக் கட்டிலுக்குக் கீழ தள்ளினாக்கூட உனக்குத் தெரியாது. நீயாவது எழுந்து நடக்கறதாவது."

அவளும் சிரித்துவிட்டு போனை வைத்தாள். வைத்த பிறகும் சிரிப்பு உதட்டில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்துப் போட வேண்டியதுபோல.

அன்றோடு டீச்சர் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

டீச்சர் என்பது தட்டச்சு டீச்சர். முப்பத்தைந்து வருடம் தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் செத்துப்போய், பேச்சும் போய், பெண்கள் வார்டில் இருபத்தெட்டாம் கட்டிலில், கடைசி ஜன்னல் ஓரத்தில் கிடந்தார். போன பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. சரி. வலிக்கிறதா என்றால் சரி. தண்ணீர் வேண்டுமா என்றால் சரி. பேர் என்ன என்று கேட்டாலும் சரி. பக்கத்துக் கட்டில்காரி, "டீச்சர் எல்லாருக்கும் பாஸ் போட்டுடறாங்க" என்பாள். வார்டே சிரிக்கும். டீச்சரும் பாதி வாயால் சிரிப்பார். கண் மட்டும் சிரிக்காது.

அப்படிப்பட்ட நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடது, மல்லாந்து, வலது. செவிலியர் படிப்பில் முதல் வருடமே சொல்லிக் கொடுப்பது அது. ஊசி போடக் கற்பதற்கு முன்னால், மருந்துகளின் பேர் தெரிவதற்கு முன்னால், கை கழுவவும், தொடுவதற்கு முன்னால் தொடப்போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லவும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பவும் கற்கிறார்கள். திருப்பாவிட்டால் எலும்பு உள்ள இடத்தில் தோல் செத்துப்போகும். முதலில் சிவக்கும். பிறகு கறுக்கும். பிறகு திறந்துகொள்ளும். திருப்பியதற்கு அடையாளமாக, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் நேரத்துக்கு நேரே குறி போட வேண்டும்.

இரவில் முப்பத்திரண்டு கட்டிலுக்கு இரண்டு செவிலியர். ஒருத்தியை அவசரப் பிரிவில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். மீதி இருப்பது அவளும், முட்டி வலியோடு நடக்கும் ஒரு ஆயாவும்தான். இதெல்லாம் உண்மை. இதை அவள் தனக்குத்தானே நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். ஆனால் இதற்குக் கீழே இன்னொரு உண்மை இருந்தது. கத்துகிறவர்களை அவள் திருப்பினாள். மகனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கும் கட்டில்களில் திருப்பினாள். டீச்சர் கனமாக இருந்தார். டீச்சர் கத்தவில்லை.

முதல் இரவு இரண்டு முறை திருப்பினாள். அடுத்த இரவு ஒரு முறை. மூன்றாம் இரவிலிருந்து, பத்து மணிக்கு டீயோடு மேஜையில் உட்கார்ந்து, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு என்று விடியற்காலை வரைக்கும் உள்ள எல்லாக் கட்டங்களிலும் ஒரே மூச்சில் குறி போட்டாள். ஒரே பேனாவில் போட்டால் தெரிந்துவிடும் என்று நீலத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டாள். அந்தப் பேனா மாற்றியதுதான் இப்போது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. களைப்பில் விட்டுப்போனது என்று சொல்லிக்கொள்ளலாம். களைத்தவள் பேனா மாற்ற மாட்டாள்.

அந்தக் கட்டிலைத் தாண்டிப் போகும்போது மட்டும் கால்மாட்டில் நின்று கேட்பாள்.

"திருப்பிப் போடவா டீச்சர்? இல்ல, கொஞ்சம் பொறுத்து வரட்டுமா?"

"சரி."

மூன்றாம் இரவில் விரிப்பு மாற்றும்போது, முதுகின் அடியில், இடுப்பெலும்பு முடியும் இடத்தில், ஒரு சிவப்பைப் பார்த்தாள். விரலால் அழுத்தினாள். அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை. அவள் விரிப்பை இழுத்து விட்டு, அட்டையில் "தோல் நன்றாக உள்ளது" என்று எழுதினாள். ஆறாம் இரவில் அந்தக் கட்டில் பக்கம் போனாலே வாசனை வந்தது. பழம் அழுகும் இனிப்பு வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

ஏழாம் நாள் காலை, பகல் டியூட்டியில் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண், டீச்சரை உடம்பு துடைக்கத் திருப்பினாள். அவளை வார்டில் எல்லாரும் புதுப்பொண்ணு என்பார்கள். ஒரு உள்ளங்கை நுழையும் அளவுக்குப் புண். புதுப்பொண்ணுதான் அழுதுகொண்டே ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். புண்ணிலிருந்து நஞ்சு இரத்தத்தில் ஏறியிருந்தது. நாலு நாளில் டீச்சர் போய்விட்டார்.

டீச்சரின் துணிப் பையை வாங்கிப்போக வந்த மகள், இரவு டியூட்டி பார்த்தவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ராத்திரி நீங்க ஒரு தடவகூட விடலன்னு அட்டையிலயே இருக்கு, சிஸ்டர். பகல்லதான் நெறைய காலியா இருக்கு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல."

அவள் கைகளை விடுவித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணே விடும்வரை அப்படியே கொடுத்துக்கொண்டு நின்றாள்.

பகல் கட்டங்கள் காலியாக இருந்ததற்குக் காரணம், திருப்ப முடியாத நேரத்தில் புதுப்பொண்ணு குறி போடாமல் விட்டிருந்ததுதான். விசாரணை என்றார்கள். அதுவரை புதுப்பொண்ணு வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

தலையணைகள் இடம் மாறிக் கிடந்த மறுநாள் காலை, படுப்பதற்கு முன் அவள் மற்ற இரண்டு தலையணைகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். தன்னைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டாள்.

கண் விழித்தபோது மல்லாந்து கிடந்தாள். கைகள் உடம்பின் இரண்டு பக்கமும் நீட்டி வைக்கப்பட்டிருந்தன, உள்ளங்கை மேலே பார்த்தபடி. கெண்டைக்கால்களுக்கு அடியில் தலையணை. அலமாரி திறந்து கிடந்தது. சாவி அவளுடைய ஜாக்கெட்டுக்குள்தான் இருந்தது, சூடாக. மணி பார்த்தாள். பத்தேமுக்கால். படுத்து இரண்டு மணி நேரம்.

அப்போதே எழுந்திருக்க வேண்டும். ஆனால் இரவெல்லாம் நின்ற கால்கள் ஈயமாகக் கனத்தன, திரைக்குப் பின்னால் வெயில் மங்கி மங்கி வந்தது, ஒரு நிமிடம் கண்ணை மூடினால் போதும் என்று நினைத்தாள். அடுத்து விழித்தபோது வலது பக்கமாகச் சாய்ந்திருந்தாள். முதுகுக்குத் தலையணை. முழங்காலுக்கு நடுவே தலையணை. பன்னிரண்டேமுக்கால்.

இடது, மல்லாந்து, வலது. எந்தக் கட்டமும் காலியாக விடப்படவில்லை.

இந்த முறை கட்டிலைவிட்டு எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கால் மரத்துப்போயிருக்கிறது என்று நினைத்தாள். கால் மட்டும் இல்லை. கழுத்து, இடுப்பு, விரல் எதுவும் அவளுடையதாக இல்லை. சுவரில் இருந்த ஒரு காரை பெயர்ந்த இடத்தையே பார்த்தபடி ஐந்து நிமிடம் கிடந்தாள். பிறகு ஒரு விரல் அசைந்தது. பிறகு கை. எழுந்து குளியலறைக்குப் போய் முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது மூக்கில் அந்த வாசனை ஏறியது. அழுகும் பழம். குளியலறை ஜன்னலைத் திறந்தாள். திறந்த பிறகுதான் தான் செய்ததைக் கவனித்து, மறுபடி மூடினாள்.

அன்று மாலை டியூட்டிக்குக் கிளம்பிக் கீழே இறங்கும்போது, கடைசிப் படியில் புதுப்பொண்ணு உட்கார்ந்திருந்தாள். சீருடை இல்லாமல் பார்க்க இன்னும் சின்னப்பெண்ணாக இருந்தாள். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"அக்கா, ரெண்டு நிமிஷம். உங்கள தொந்தரவு பண்றேனா?"

"சொல்லும்மா."

"வியாழக்கிழமை விசாரணை. நான் என் மேல தப்பில்லன்னு சொல்லப் போறதில்ல. திருப்ப முடியாதப்ப திருப்பலன்னுதான் விட்டேன். அது என் தப்புதான்." மடியில் இருந்த நோட்டைப் பிரித்தாள். "ஒண்ணு மட்டும் கேக்கணும்க்கா. பகல்ல நாங்க மூணு பேரு. எங்களாலேயே முடியல. நீங்க ராத்திரி தனி ஆளா எப்படிக்கா எல்லாரையும் திருப்பினீங்க? எதுனா வழி இருந்தா சொல்லுங்க. வேல திரும்பக் கெடச்சா அப்படியே செய்யறேன்."

குத்திக்காட்டத்தான் கேட்கிறாளோ என்று அவள் அந்த முகத்தைத் தேடிப் பார்த்தாள். இல்லை. நோட்டைத் திறந்து பேனாவை எடுத்து வைத்திருந்தாள். எழுதிக்கொள்ள வந்திருந்தாள்.

"பழக்கம்தான்மா," என்றாள் அவள். "போகப் போக வந்துடும்."

புதுப்பொண்ணு தலையாட்டினாள். அதையும் எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவள் தூங்குவதில்லை என்று முடிவு செய்தாள். காலையில் வந்து துணி துவைத்தாள், பாத்திரம் தேய்த்தாள், மகளின் சீருடைக்குப் பொத்தான் தைத்தாள். படுக்கையறைப் பக்கமே போகவில்லை. கூடத்தில் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து, கால் நீட்டி உட்கார்ந்து காபி குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது.

விழித்தபோது கட்டிலில் இருந்தாள்.

கண்ணைத் திறக்கவில்லை. அறையில் யாரோ இருந்தார்கள். மூச்சுச் சத்தம் இல்லை. காலடிச் சத்தம் இல்லை. ஆனால் ஒருவர் கட்டிலருகே குனிந்து நிற்கும்போது முகத்தின்மேல் விழும் நிழலின் கனம் மூடிய இமைக்கும் தெரியும். வாசனை கட்டிலைச் சுற்றி நின்றது. கீழே தண்ணீர் மோட்டார் நின்றுபோயிருந்தது. தெருவில் வண்டி இல்லை. மாடி வீட்டில் நாற்காலி இல்லை. வீட்டின் மேல் ஒரு போர்வையைப் போர்த்தியதுபோல அமைதி.

பிறகு, காதுக்கு மிக அருகில், மெதுவாக, தொடுவதற்கு முன் சொல்ல வேண்டிய முறைப்படி, யாரோ சொன்னார்கள்.

"சரி."

ஒரு கை அவளுடைய இடது தோளில் பதிந்தது. இதமான கை. தெரிந்த கை. அது தோளை அணைத்துத் தன் பக்கம் இழுத்தது. திருப்பும்போது இன்னொரு கை இடுப்பில் இருக்க வேண்டும். இடுப்பில் எதுவும் பிடிக்கவில்லை. அதற்குப் பதில் ஏதோ ஒன்று அவள் வயிற்றின்மேல் பொத்தென்று விழுந்தது. குளிர்ந்தது. கனத்தது. அவள் உடம்பு புரளப் புரள அதுவும் கூடவே சரிந்து, விலா எலும்பில் உரசி, விரிப்பில் விழுந்து இழுபட்டது. ஐந்து விரல்கள். ஒன்றும் மடங்கவில்லை.

வலது கை.

ஒரே கையால் திருப்பிக்கொண்டிருந்தார். கஷ்டப்பட்டு. அவசரப்படாமல். தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்தார். விரிப்பின் சுருக்கத்தை இழுத்து விட்டார். கடைசியாக, இடுப்பெலும்பு முடியும் இடத்தில் ஒரு விரல் வந்து அழுத்தியது. எடுத்தது. காத்திருந்தது.

வெளுக்கிறதா என்று பார்த்தது.

அவள் கத்தினாள். வாய் திறக்கவில்லை. கண்ணும் திறக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்துத்தான் அவளுடைய உடம்பு அவளிடம் திரும்பி வந்தது. கண்ணாடி முன் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்திருந்தது.

விரலால் அழுத்திப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை இரவு டியூட்டி முடிந்ததும், மகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்கு போன் போட்டாள், அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பெரிய சிஸ்டரின் அறைக்குப் போனாள். பெரிய சிஸ்டர்தான் வார்டுகளுக்கெல்லாம் மேல். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. விசாரணைக்கான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, முகம் இப்படி இருக்கு? உக்காரு."

அவள் உட்காரவில்லை. "இருபத்தெட்டாம் கட்டில் அட்டையில ராத்திரி இருக்கறதெல்லாம் பொய், மேடம். நான் திருப்பல. பத்து மணிக்கே எல்லாத்தையும் போட்டேன். புண்ணு மூணாவது நாளே தெரிஞ்சுது. பாத்தேன். எழுதல."

பெரிய சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பொண்ணு தினமும் வந்து வெளியில உக்காந்துட்டுப் போறா. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"டீச்சரோட மக உனக்கு நன்றி சொல்லி ஒரு லெட்டர் குடுத்திருக்காங்க. அதுவும் இங்கதான் இருக்கு."

பெரிய சிஸ்டர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி வைத்தார். எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். அதை வாங்கிப் படித்துவிட்டுப் பெரிய சிஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடம் செவிலியர்களைப் பார்த்த கண்.

"அவங்க ஒருத்தருக்கு மட்டும்தானா?"

அறைக்கு வெளியே ஒரு தள்ளுவண்டி உருண்டு போனது. அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. ஒன்பது வருடம். எத்தனை வார்டு, எத்தனை கட்டில், எத்தனை இரவு. ஒன்று என்றால் அது ஒரு தவறு. எல்லாம் என்றால் அது அவள்.

"அவங்களுக்கு மட்டும்தான், மேடம்."

பெரிய சிஸ்டர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை மடித்தார். "நாளைலேருந்து வராத. மேல என்ன சொல்றாங்களோ பாப்போம். வீட்டுக்குப் போ. போய்த் தூங்கு."

வெளியே மரப் பெஞ்சில் புதுப்பொண்ணு உட்கார்ந்திருந்தாள். அவளை உள்ளே கூப்பிட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள் பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது நெஞ்சில் ஒரு கல் நகர்ந்ததுபோல இருந்தது. ஜன்னல் காற்று முகத்தில் அடித்தது. பாதி வழியிலேயே தூக்கம் வந்தது. நல்ல தூக்கம், சின்ன வயதுத் தூக்கம்.

வீட்டில் மறந்துபோன வாசனைகள் திரும்ப வந்திருந்தன. சோப்பு, பழைய புத்தகம், மகளின் தேங்காய் எண்ணெய். மகள் வந்து கதவைத் தட்டி நிற்க வேண்டாம் என்று தாழ்ப்பாள் போடாமல் வெறுமனே சாத்தினாள். கட்டிலில் குப்புறப் படுத்து, கைகளைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டாள். டீச்சர் இனி வரமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

டீச்சர் வரவில்லை.

விழித்தபோது மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. வேறு எதுவும் அசையவில்லை. சுவர்க் கடிகாரம் நாலு காட்டியது. தலையணை எதுவும் அண்டக் கொடுக்கவில்லை. குதிகால் மெத்தையில் அழுந்தியது. இடுப்பெலும்பின் கீழே எரிந்தது. எவ்வளவு நேரமாக இப்படிக் கிடக்கிறாள் என்று தெரியவில்லை.

படுக்கையறை வாசலில் ஒருத்தி நின்றாள்.

இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பேர் இவளுக்குத் தெரியாது. கட்டில் தெரியும். எலும்பு வார்டு. பதினொன்று. நாலு வருடத்துக்கு முன்.

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தர். மூக்கில் குழாய். ஆண்கள் வார்டு. ஏழு.

அவருக்குப் பின்னால் ஒரு கிழவி. பத்தொன்பது. கிழவிக்குப் பின்னால் கூடம். கூடம் நிறைய ஆட்கள். யாரும் பேசவில்லை. யாரும் முண்டவில்லை. மருத்துவமனை வரிசையில் நின்று பழகியவர்கள். ஒருவர் பின் ஒருவராக. வெளிக்கதவு திறந்திருந்தது. வரிசை அதற்கு வெளியேயும் போனது.

மாவுக்கட்டுக்காரி ஒரு அடி எடுத்து வைத்தாள். கால் தரையில் இடித்தது.

வரிசை ஒரு அடி நகர்ந்தது.

கத்த முடியவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. கை விரலைப் பார்த்தாள். அசை. அசையவில்லை.

கீழே, தெருக்கதவு திறக்கும் சத்தம். ஷூ சத்தம். மகள். பள்ளி விட்டு வரும் நேரம். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிறவள் அவள். எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டாள்.

இன்று தாவவில்லை.

ஒரு படி. நின்றாள்.

"கொஞ்சம் வழி விடுங்க ஆன்ட்டி."

இன்னொரு படி.

"கொஞ்சம் தள்ளிக்கறீங்களா, தாத்தா?"

பெரியவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். மகள் மரியாதையாகத்தான் பேசினாள். குரலில் பயமில்லை. கொஞ்சம் ஆச்சரியம் மட்டும் இருந்தது.

மூன்று மாடி. ஐம்பத்துநாலு படி.

மாவுக்கட்டுக்காரி கட்டிலருகே வந்துவிட்டாள். குனிந்தாள். குளிர்ந்த விரல்கள் தோளைத் தொட்டன.

"நீங்க எல்லாருமே எங்க அம்மாவப் பாக்கவா வந்திருக்கீங்க?" கீழே மகள் யாரையோ கேட்டாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த படியில் ஷூ சத்தம் கேட்டது.

"கொஞ்சம் வழி விடுங்க."

அதற்கு அடுத்த படியிலும்.

"கொஞ்சம் வழி விடுங்க."

மகள் இன்னும் முதல் மாடியைத் தாண்டியிருக்கவில்லை.